இரட்டைக் கோபுரத்தைவிடப் புர்ஜ் கலீஃபாவுக்குச் செலவு குறைவா? கணக்கு எங்கே இடிக்கிறது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கணக்காளன். கட்டுமானத் துறையோடு எனக்கிருக்கும் உறவு, மழைக்காலத்தில் வீட்டுக் கூரை ஒழுகும்போது ஆள் தேடி அலைவதோடு சரி. ஆகவே கேள்வியில் அறியாமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் கே.எல்.சி.சி. பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, கட்டுமானப் பொறியியல் படிக்கப் போகும் என் மகள், எதிரே நின்ற பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையும் தன் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது 452 மீட்டர், 160 கோடி டாலர். துபாயில் இருப்பது 828 மீட்டர், 150 கோடி டாலர். நாம் ஏமாந்துவிட்டோமா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பதில்தான் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இரண்டு தொகைகளும் பரவலாகக் குறிப்பிடப்படுபவைதான். நம்முடைய கோபுரங்களின் உச்சிக் கூர்முனைகள் 1996-இல் பொருத்தப்பட்டன. அதிகாரபூர்வத் திறப்பு விழா 1999 ஆகஸ்ட் 31 அன்று நடந்தது. புர்ஜ் கலீஃபா 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துக்கொண்டால், ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரமான கட்டடம் இன்னும் மலிவாகிவிடுகிறது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு வரவுசெலவுக் கணக்கு வந்தால், யாரோ எதையோ வேறு தலைப்பில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். உண்மையில் செலவை முடிவு செய்வது எது? கோபுரங்களை முதலில் குறித்த இடத்திலிருந்து நகர்த்திக் கட்டினார்கள் என்றும், எஃகு கட்டுப்படியாகாததால் கான்கிரீட்டுக்கு மாறினார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். அவை உண்மையா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.


பெட்டாலிங் மதிப்பீட்டாளர்:

ஐயா, முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலைகளுக்கு மதிப்பீடு போட்டுப் பிழைத்தவன் என்ற முறையில், தொகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மண்ணையும் கான்கிரீட்டையும் அவற்றில் கை நனைத்தவர்கள் சொல்லட்டும்.

முதலில், உயரத்தை வைத்து விலையை ஒப்பிடுவதே தவறு. நாங்கள் கட்டடத்தை அதன் தளப்பரப்பால் அளப்போம். கோலாலம்பூரில் நிற்பவை இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றும் 88 மாடி. இரண்டும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 95 ஆயிரம் சதுர மீட்டர் தளம். புர்ஜ் கலீஃபாவில் சுமார் 3 லட்சத்து 9 ஆயிரம் சதுர மீட்டர்தான். வகுத்துப் பாருங்கள்: இங்கே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4,050 டாலர், அங்கே ஏறத்தாழ 4,850 டாலர். அதாவது, அந்தந்த ஆண்டின் பணத்தில் பார்த்தால் துபாய்தான் விலை கூடியது. தங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்; பாதி சமாதானம் ஆகிவிடுவார்.

மீதிப் பாதிக்கு அவர் விடமாட்டார், விடவும் கூடாது. 1996-க்கும் 2009-க்கும் இடையில் அமெரிக்க டாலரின் விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக ஏறியிருக்கிறது. அதைச் சேர்த்தால் நம்முடைய 4,050 டாலர் 5,500-ஐத் தொட்டு, துபாயைத் தாண்டிவிடும். எனவே இந்தக் கணக்கு உயரத்தால் வந்த மயக்கத்தைத்தான் தீர்க்கிறது. இடைவெளியை முழுமையாகத் தீர்க்கவில்லை.

அடுத்து, உச்சியைக் கவனிக்க வேண்டும். புர்ஜ் கலீஃபாவில் ஆள் புழங்கும் கடைசித் தளம் ஏறத்தாழ 585 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள 240 மீட்டருக்கும் அதிகமான பகுதி கூர்முனையும் அதைத் தாங்கும் எஃகுச் சட்டமும்தான். அங்கே மின்தூக்கி வரிசைகள் இல்லை, குளிர்சாதனம் இல்லை, கழிவறை இல்லை, சலவைக்கல் இல்லை. உயரத்தில் இதுபோல் மலிவான மீட்டர் வேறு கிடையாது. நாமும் இதில் உத்தமர்கள் அல்லர். நம் கோபுரங்களின் 73.5 மீட்டர் கூர்முனைகளைக் கழித்துவிட்டால், 442 மீட்டர் உயரச் சிகாகோ சியர்ஸ் கோபுரத்தின் கூரை நம்மைவிட மேலே நிற்கும். 1996-இல் உலகின் உயரமான கட்டடம் என்ற பட்டம் கைமாறியபோது சிகாகோக்காரர்கள் மனத்தாங்கல் கொண்டதை முழுக்க நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவது, நீங்களே சந்தேகித்ததுபோல, இப்படிப்பட்ட தொகைகளில் எது உள்ளே, எது வெளியே என்பதை யாரும் எழுதுவதில்லை. நிலத்தின் விலை சேர்ந்ததா, வடிவமைப்பாளர்களின் ஊதியம் சேர்ந்ததா, கட்டுமான காலத்து வட்டி சேர்ந்ததா, உள் அலங்காரத்தை உரிமையாளர் செய்தாரா, வாடகைக்கு வந்தவர் செய்தாரா? ஒரே கட்டடத்துக்கு இந்தக் கேள்விகளுக்கான விடையை மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று வெவ்வேறு தொகைகளை நாணயமாகவே என்னால் எழுதித் தர முடியும். செய்தித்தாளில் வரும் கட்டடச் செலவில் முதல் இலக்கத்தை மட்டும் நம்புவது என் வழக்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 160 கோடி டாலரை இன்றைய மாற்று விகிதத்தில் ரிங்கிட்டாகப் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிலர் தலையில் கை வைக்கிறார்கள். அன்றைக்கு ஒரு டாலர் இரண்டரை ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. ஆகவே அந்தத் தொகை ஏறத்தாழ 400 கோடி ரிங்கிட். 1997-இன் நடுவில் ஆசிய நிதி நெருக்கடி வெடித்து, 1998 செப்டம்பரில் 3.80 என்று விகிதம் கட்டப்பட்டபோது, கோபுரங்களின் எலும்புக்கூடு எப்போதோ முடிந்து, உள்ளே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பணியாளர்கள் 1997 ஜனவரியிலேயே குடியேறிவிட்டார்கள். இரண்டே ஆண்டு தாமதமாகியிருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு மின்தூக்கிக்கும் கண்ணாடிக்கும் ரிங்கிட்டில் ஒன்றரை மடங்கு கொடுத்திருப்போம். இது திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்காதீர்கள்.


ஈப்போக்காரர்:

மதிப்பீட்டாளர் ஐயா தரைக்கு மேலே இருப்பதை வகுத்துக் காட்டிவிட்டார். தரைக்குக் கீழே நடந்ததையும் சேர்த்தால்தான் மீதி இடைவெளி புரியும். சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த ஊரில் பிறந்து, அஸ்திவார வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம், ஜாலான் அம்பாங்கை ஒட்டி முன்பு சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல் இருந்த நிலம். அதை நகரின் புதிய மையமாக மாற்றும் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில், பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழர் குடும்பத்தில் பிறந்த ஆனந்த கிருஷ்ணனும் ஒருவர். மேலே புல்தரை; பார்ப்பதற்குச் சமதளம். கீழேயோ நிலைமை வேறு. மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அந்தப் பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்தடி நீர் தின்று, குகைகளாகவும் பள்ளங்களாகவும் செங்குத்துச் சரிவுகளாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. அந்த ஒரே மனைக்குள், பாறையின் மேற்பரப்பு ஓரிடத்தில் சுமார் 15 மீட்டர் ஆழத்திலும், இன்னோரிடத்தில் 180 மீட்டருக்கும் கீழேயும் இருந்தது. பூமிக்குள் புதைந்த ஒரு மலையின் விளிம்பில் நாம் நடமாடிக்கொண்டிருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறித்த இடத்தில் கட்டியிருந்தால், கோபுரத்தின் ஒரு பக்கம் பாறைமேலும் மறுபக்கம் ஆழமான மண்மேலும் உட்கார்ந்திருக்கும். கட்டடம் கொஞ்சம் இறங்குவதைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. எல்லாக் கட்டடமும் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் உயிர் போகும். ஒவ்வொரு கோபுரத்தின் எடையும் சுமார் 3 லட்சம் டன். அது அடியில் ஒரு விரற்கடை சாய்ந்தால், 450 மீட்டர் உச்சியில் எவ்வளவு விலகும் என்பதைத் தங்கள் மகளே கணக்கிட்டுவிடுவார். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். வடிவமைப்பெல்லாம் நடந்துகொண்டிருந்த நிலையில், கோபுரங்களை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி, முழுவதும் ஆழமான மண்ணின்மீதே வரும்படி மாற்றினார்கள்.

அதன் பிறகு பாறையைத் தேடிப் போகவில்லை என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். 60 மீட்டரிலிருந்து 114 மீட்டர் வரை ஆழம் போகும் பைல்களை, அதாவது தரைக்குள் புதையும் கான்கிரீட் தூண்களை, இறக்கினார்கள். அவை பாறையில் கால் ஊன்றி நிற்பவை அல்ல. பக்கவாட்டில் மண்ணோடு உரசிப் பிடித்துக்கொண்டு நிற்பவை. நம் கை சேற்றுக்குள் ஆழமாகப் போனால் இழுக்க முடியாமல் திணறுவதில்லையா, அதே பிடிமானம்தான். குறுக்குவெட்டையும் வட்டமாக வைக்காமல் செவ்வகமாக வைத்தார்கள். ஒரே பரப்பளவுள்ள வடிவங்களில் வட்டத்துக்குத்தான் சுற்றளவு மிகக் குறைவு. பானைக்கு அது நல்லது, உரசிப் பிடிக்க வேண்டிய பைலுக்கு நல்லதல்ல. எடுத்துக்காட்டாக, 1.2 மீட்டருக்கு 2.8 மீட்டர் என்ற செவ்வகத்தின் சுற்றளவு 8 மீட்டர். அதே பரப்பளவுள்ள வட்டத்துக்கு 6.5 மீட்டர்தான் வரும். அதே கான்கிரீட்டில் ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் பிடிமானம் கிடைக்கிறது. கீழே பாறைக்குள் இருந்த வெற்றிடங்களைச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைத்தார்கள்.

இந்தக் குழம்பு விஷயத்தை எளிதாக நினைத்துவிட வேண்டாம். நான் இளைஞனாக இருந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறொரு சிறிய கட்டடத்துக்குத் துளையிடும் வேலையில் இருந்தேன். துளை இடிந்து விழாமல் இருக்க அதில் பெண்டனைட் களிமண் குழம்பை விளிம்புவரை நிரப்பி வைத்திருப்போம். ஒரு நாள் மாலை, 30 மீட்டரைத் தாண்டிய நேரத்தில், துளைக்கும் தண்டு எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஓர் ஆள் உயரத்துக்குச் சடக்கென்று இறங்கியது. அடுத்த நிமிடம், கண்முன்னே குழம்பின் மட்டம் குளியல்தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதுபோல் சுழன்று கீழே போயிற்று. இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். குகை எவ்வளவு பெரியது என்பது குழம்பை ஊற்ற ஊற்றத்தான் தெரியும். அந்த வேலையை நிலையான விலைக்கு எடுத்திருந்த நிறுவனம் இரண்டு வாரம் சிமெண்டு ஊற்றியது. மண்பரிசோதனைக்குச் செலவிடத் தயங்கும் ஒவ்வொரு முதலாளியையும் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெரியவர் நின்ற இடம் ஞாபகம் வரும்.

பைல்களின் தலைமேல் 4.5 மீட்டர் கனத்தில் ராஃப்ட் என்னும் கான்கிரீட் மெத்தை. ஒரு கோபுரத்துக்கு 13,200 கன மீட்டர். 54 மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினார்கள். மணிக்குச் சுமார் 245 கன மீட்டர். ஒரு லாரி 6 கன மீட்டர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொண்டால், கோலாலம்பூர்ப் போக்குவரத்துக்கு நடுவே, இரவும் பகலுமாக, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு லாரி வந்து காலியாகிப் போயிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால், பழைய கான்கிரீட் இறுகி, புதியது அதோடு ஒட்டாமல் ஒரு மூட்டு உருவாகிவிடும். கனமான ராஃப்ட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிமெண்டும் நீரும் சேரும்போது வெப்பம் வெளிப்படும். நடுப்பகுதி கொதிக்க, மேற்பரப்பு மட்டும் மழையில் குளிர்ந்தால் விரிசல் விழும். அதனால்தான் இறுகும் காலத்தில் அதன்மேல் போர்த்தி வைத்து, உள்ளே வெப்பமானிகளைப் புதைத்து, பிரசவம் பார்ப்பதுபோல் காத்திருப்போம்.

துபாயில் தரை வேறு விதம். அங்கே வலுக்குறைந்த மணற்பாறை அடுக்குகள். ஆனால் ஓரளவு ஒரே சீராக இருக்கின்றன. 1.5 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 43 மீட்டர் நீளமும் கொண்ட 192 பைல்கள், அவற்றின்மேல் 3.7 மீட்டர் கன ராஃப்ட், அவ்வளவுதான். நம் பைல்களின் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தலைவலியாக இருந்தது நிலத்தடி நீரின் உப்பு. அது கம்பியை அரிக்காமல் இருக்க மின்வழிப் பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் செய்தார்கள். செலவுதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்த செலவு. இங்கே கொடுத்தது தெரியாததற்கான விலை.


ஷார்ஜாவாசி:

மதிப்பீட்டாளர் ஐயாவின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: கூலி. புர்ஜ் கலீஃபாவைக் கட்டிய கைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவை. நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 2006 மார்ச்சில் கூலியையும் வேலை நிலைமையையும் எதிர்த்து அந்தத் தளத்திலேயே தொழிலாளர்கள் கொந்தளித்தது உலகச் செய்தியானது. 150 கோடி டாலர் என்ற தொகையைத் திறமை என்று மட்டும் வாசிக்கக் கூடாது. இதை எழுதும் நானும் இந்த நாட்டில் கான்கிரீட் ஆய்வகத்தில் சம்பளம் வாங்குகிறவன்தான்.

இனி, எஃகா கான்கிரீட்டா என்ற கேள்வி. அன்றைக்கு அமெரிக்காவின் உயர்ந்த கோபுரங்களில் பெரும்பாலானவை எஃகுச் சட்டத்தில் எழுந்தவை. மலேசியாவில் அத்தனை எஃகையும் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அதை நிறுத்திப் பழகிய ஆட்களும் குறைவு. சிமெண்டும் கருங்கல் ஜல்லியும் மணலும் உள்ளூரிலேயே இருந்தன. கான்கிரீட் வேலை கைவந்த கலையாகவும் இருந்தது. எனவே 23 மீட்டர் சதுரமான நடுக் கருவையும், சுற்றி வட்டமாக நிற்கும் 16 பெருந்தூண்களையும் கான்கிரீட்டில் வைத்துவிட்டு, வேகத்துக்காகத் தளங்களின் உத்தரங்களை மட்டும் எஃகில் வைத்தார்கள். நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை என்று சொல்லலாம். எஃகை முற்றிலும் கைவிடவில்லை.

இதற்குப் பலனும் உண்டு, அபராதமும் உண்டு. கான்கிரீட்டுக்கு எடை அதிகம் என்பதால் காற்றில் ஆடுவது குறையும். ஆடினாலும் சீக்கிரம் அடங்கும். உச்சி மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைசுற்றாமல் இருக்கத் தனியாக ஒரு ராட்சத ஊசற்குண்டைத் தொங்கவிட வேண்டிய தேவை வரவில்லை. அபராதம், அஸ்திவாரம். அதே அளவு எஃகுக் கட்டடத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை கீழே இறங்குகிறது. எஃகில் மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதியை ஈப்போ ஐயாவின் பைல்கள் தின்றிருக்கும் என்பது என் ஊகம்.

சாதாரணக் கான்கிரீட்டில் இதைக் கட்டியிருந்தால் கீழ்மாடிகளில் தூண்களைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. எனவே அடித்தளத் தூண்களுக்கு 80 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள். சிலிக்கா தூளைச் சேர்த்துச் சிமெண்டின் நுண்துளைகளை அடைத்து, நீரைக் குறைத்து, குழைவுக்கு வேதிக்கலவை சேர்த்துச் செய்வது அது. 80 என்றால் என்ன என்பதைத் தங்கள் மகளுக்குக் கண்ணால் காட்ட ஆசைப்படுகிறேன். ஊற்றும் கான்கிரீட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டிகளை வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்துத் துடைத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைப்போம். முள் மெதுவாக ஏறும். அந்தச் சின்னக் கட்டி ஏறத்தாழ 180 டன் வரை தாங்கியாக வேண்டும். ஏற்றிய சரக்கு லாரிகள் ஐந்தாறை அதன்மேல் அடுக்கியதற்குச் சமம். குறைந்த வலிமைக் கட்டி உடையும்போது முனகி, ஓரங்கள் உதிர்ந்து, சொல்லிவிட்டுப் போகும். 80-ஐத் தாண்டிய கட்டி எதையும் சொல்லாது. சட்டென்று துப்பாக்கி வெடித்ததுபோல் சிதறும். கம்பிவலைக் கதவை மூடாமல் இயந்திரத்தை ஓட்டியவர்கள் ஒருமுறைதான் அப்படிச் செய்வார்கள்.

இரட்டைக் கோபுர வேலையின்போது ஒரு கலவை வலிமைச் சோதனையில் தோற்றது. வேலை நிறுத்தப்பட்டது; முடிந்த மாடிகள் எல்லாம் பரிசோதிக்கப்பட்டன; மோசமான கலவை ஒரே ஒரு மாடியில்தான் போயிருந்தது என்று தெரிந்ததும் அந்த மாடியை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். 28 நாள் கழித்து வரும் முடிவை நம்பிக்கொண்டு மேலே மேலே கட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான். முடிவு வரும்போது அந்த மாடியின்மேல் பல மாடிகள் ஏறியிருக்கும்.

புர்ஜ் கலீஃபாவும் பெரும்பாலும் கான்கிரீட்தான். மேற்பகுதி மட்டும் எஃகு. கோலாலம்பூரில் இரண்டு கோபுரங்களையும் இரு வேறு குழுக்களிடம் கொடுத்திருந்தார்கள்: முதல் கோபுரம் ஜப்பானின் ஹசாமா தலைமையிலான குழுவிடம், இரண்டாவது கோபுரம் தென்கொரியாவின் சாம்சங் இருந்த குழுவிடம். அதே சாம்சங்தான் பிறகு பெல்ஜியத்தின் பெசிக்ஸ், உள்ளூர் அரப்டெக் ஆகியவற்றோடு சேர்ந்து புர்ஜ் கலீஃபாவைக் கட்டியது. கோலாலம்பூர் கொடுத்த பயிற்சிக் கட்டணத்தின் பலனைத் துபாய் அனுபவித்தது என்று சொன்னால் மிகையாகாது. துபாயில் கான்கிரீட்டைத் தரையிலிருந்து 606 மீட்டர் உயரத்துக்குக் குழாய் வழியே ஏற்றினார்கள்; கோடையில் கலவையில் பனிக்கட்டியைச் சேர்த்து இரவில் ஊற்றினார்கள்.

வடிவத்தையும் மறக்கக் கூடாது. சீரான காற்றில், உயரம் இரண்டு மடங்கானால் அடியில் விழும் கவிழ்ப்பு விசை நான்கு மடங்காகும். அதே விறைப்புள்ள கட்டடத்தில் உச்சியின் ஆட்டம் பதினாறு மடங்காகும். புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்த, பில் பேக்கர் தலைமையிலான பொறியாளர்கள் அதைப் பொருளைக் கொட்டிச் சமாளிக்கவில்லை. நடுக் கருவுக்கு மூன்று பக்கமும் சிறகுகள் முட்டுக் கொடுக்கும் அமைப்பை வைத்து, மேலே போகப் போக ஒவ்வொரு சிறகையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்தி, காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் விழாதபடி செய்தார்கள். இரட்டைக் கோபுரத்தை வடிவமைத்த காலத்தில் இந்த ஏற்பாடு வழக்கத்தில் இல்லை.


செந்தூல்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் முழுவதையும் படித்துவிட்டாள். குழம்பின் மட்டம் இறங்கிய இடத்தை இரண்டு முறை படித்தாள். அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி. இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் ஆகாயப் பாலம் அவற்றை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் செய்கிறதா? செலவுக் கணக்கில் அது வெறும் அழகுக்கான இனமா?


பெட்டாலிங் மதிப்பீட்டாளர்:

கூலியைப் பற்றி ஷார்ஜா நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் கணக்கில் அது விடுபட்டது உண்மை. பாலத்தின் செலவுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உயர்ந்த கட்டடத்தில் மின்தூக்கிக் குழாயும் படிக்கட்டும் தின்னும் இடம் எல்லாம் வாடகைக்கு விட முடியாத இடம். அதனால்தான் ஒரே குழாயில் இரண்டு மாடிகளுக்கு ஒரே நேரத்தில் ஆளேற்றும் இரட்டைத்தட்டு மின்தூக்கிகளை, கோபுரத்துக்கு 29 வீதம், அங்கே வைத்தார்கள். 41-ஆவது, 42-ஆவது மாடிகளில் இருக்கும் பாலமும் அதே சிக்கனத்தின் தொடர்ச்சி. ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தால் பாலம் வழியே அடுத்த கோபுரத்துக்குப் போகலாம் என்பதால், படிக்கட்டுகளின் அளவைக் குறைக்க முடிந்தது. மாடிக்குச் சில சதுர மீட்டர் என்றாலும், அத்தனை மாடிகளுக்கும் கூட்டினால் பாலம் தன் சம்பளத்தைத் தானே சம்பாதித்துவிடும்.


ஈப்போக்காரர்:

பிடித்துக்கொள்ளவில்லை, தங்கையே, பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். காற்றில் இரண்டு கோபுரங்களும் தத்தம் போக்கில் ஆடும். சில நேரம் ஒன்றை நோக்கி ஒன்று, சில நேரம் எதிரெதிர்ப் பக்கம். ஏறத்தாழ 58 மீட்டர் நீளமும் 750 டன் எடையும் உள்ள பாலத்தை இரு முனைகளிலும் இறுக்கிக் கட்டியிருந்தால், ஒன்று பாலம் கிழியும், இல்லையென்றால் சுவர் கிழியும். ஆகவே பாலத்தின் முனைகள் கோபுரங்களுக்குள் வழுக்கிச் சென்று வரும்படி தாங்கிகளின்மேல் சும்மா கிடக்கின்றன. கீழே இருந்து பார்க்கும்போது தெரியும் இரண்டு சாய்வுக் கால்கள் 29-ஆவது மாடியில் உருண்டைத் தாங்கிகளில் ஊன்றியிருக்கின்றன. கோபுரங்கள் நெருங்கினாலும் விலகினாலும் பாலம் எப்போதும் நட்டநடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வது அந்தக் கால்களின் வேலை. மெல்லிய நீண்ட கால்கள் என்பதால் காற்றில் அவையே அதிரத் தொடங்கும். அதை அடக்க அவற்றின் வயிற்றுக்குள் சிறு அதிர்வுத் தணிப்பான்களை வைத்திருக்கிறார்கள். பாகங்களைத் தென்கொரியாவில் செய்து, கப்பலில் கொண்டுவந்து, கீழே பூட்டி, 1995-இல் 170 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினார்கள்.

மதிப்பீட்டாளர் ஐயா சொன்ன சிக்கனத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கோபுரத்தில்தான் ஆபத்து வரும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. 2001 செப்டம்பர் 12 அன்று, நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த மறுநாள், இங்கே வெடிகுண்டு புரளி கிளம்பி இரண்டு கோபுரங்களையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டி வந்தது. இரு பக்கத்து மக்களும் பாலத்துக்கு வந்தால் யார் எங்கே போவது? படிக்கட்டுகள் போதவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு, அவசர காலத்தில் மின்தூக்கிகளையும் பயன்படுத்தும்படி வெளியேற்றத் திட்டத்தை மாற்றி எழுதினார்கள்.